பெயின்ட் வாளிக் கொத்தமல்லி

மகள் கத்தரிக்கோலோடு மொட்டைமாடிக்கு வந்தால் சர்வேயர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். வலப்பக்கம் அவருடைய ஆறு பீங்கான் தொட்டிகள், நீலப் பூவேலையோடு, நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசையில். இடப்பக்கம் அவளுடைய மாமனாரின் பெயின்ட் வாளிகள், பச்சையும் மஞ்சளும் வழிந்து காய்ந்தபடி. கீழ்த்தளத்தில் அவள் நடத்தும் சூப் கடைக்குத் தினமும் கொத்தமல்லி வேண்டும். தினமும் அவள் இடப்பக்கமே திரும்பினாள்.

ஓய்வுபெற்று, மனைவியையும் இழந்து, மகள் புகுந்த வீட்டின் மாடியறையில் வந்து தங்கியவர் சர்வேயர். யாரிடமும் கைநீட்டாத குடும்பத்தில் பிறந்தவர். அந்த வீட்டு அடுப்புக்குத் தன் கையால் ஒரு பிடி தழையாவது போனால்தான் அங்கே சாப்பிடும் சோறு தொண்டையில் இறங்கும் என்று இருந்தார்.

"இங்கயும் இருக்கேம்மா" என்றார் அன்று.

"உங்களது பூ விட்டுடுச்சுப்பா. தண்டு கம்பி மாதிரி இருக்கு. சூப் குடிக்க வர்றவங்க பல்லு குத்தவா குடுக்கறது?"

சம்பந்தி பழைய பஸ் டிரைவர். வாளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "விடும்மா. சம்பந்தி அழகுக்கு வெச்சிருக்காரு. அதைப் போய்ப் பறிப்பாங்களா?" என்றார்.

சர்வேயர் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதே கடை விதை, அதே வெயில், அதே குழாய்த் தண்ணீர். இந்த மனிதர் மட்டும் கமுக்கமாக ஏதோ உரம் போடுகிறார். சந்தேகமே இல்லை.

மறுநாள் சம்பந்தி முடிவெட்டப் போன நேரம் பார்த்து, சர்வேயர் தம் இரும்பு அளவுகோலோடு வாளியருகே குந்தினார். அடியில் என்ன ஒளித்திருக்கிறார் என்று பார்க்கக் கோலைச் செருகினார். அது வழுக்கிக்கொண்டு போனது. பதினோரு அங்குலம். ஒட்டியிருந்தது வெறும் ஈரமண்.

தம் தொட்டியில் செருகினார். மூன்றரை அங்குலத்தில் 'டக்' என்று நின்றது.

அவருக்குக் காது சுட்டது. வாங்கும்போது ஆறையும் கடையிலேயே அளந்தவர்தான். ஓரடி உயரம், பிசகில்லை. ஆனால் அளந்தது வெளிப்புறம். தொட்டி நிற்கும் கால் மட்டுமே நாலு அங்குலம். தண்ணீர் வடிய அவரே கொட்டிய செங்கல் சில்லு மூன்று அங்குலம். விளிம்பில் விட்ட இடம் ஒன்றரை. மிச்சம்தான் மண். நாற்பது வருடம் நிலத்தை நீள அகலமாகவே அளந்த கை. ஆழம் அவருடைய இலாகாவில் இல்லை.

"என்ன சம்பந்தி, என் வாளிக்குப் பட்டா போடறீங்களா?"

படியில் பஸ் டிரைவர், புதுக் கிராப்போடு.

"மண் எப்படின்னு பார்த்தேன்."

"நல்லா பாருங்க. கொத்தமல்லி வேர் நேரா கீழ இறங்கும். இடமில்லைன்னா சீக்கிரம் காய்ஞ்சு பூ விட்டுடும். உங்க தொட்டியில புதினா வைங்க, அது பக்கவாட்டுல ஓடுற ரகம். என்கிட்ட ஒரு வாளி சும்மாதான் கிடக்கு, எடுத்துக்கறீங்களா?"

"வேண்டாம்."

சொன்னது அத்தனையும் சரி என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் தெருக்கோடிப் பெயின்டரிடம் போய் நின்றார். "அதைவிட உயரமா காலி வாளி இருக்கா?"

"எதைவிட சார்?"

"எதைவிடவும்."

கிடைத்ததைப் பழைய போர்வையில் சுற்றி மாடிக்கு ஏற்றினார். அடியில் துளையிட்டார். இம்முறை உட்புறம் அளந்தார்: பதின்மூன்று அங்குலம். சில்லு போடாமல் மண்ணை நிரப்பி விதைத்தார்.

நாற்பதாம் நாள் மகள் வந்தாள். வலப்பக்கம் திரும்பினாள். குனிந்து, முகர்ந்து, ஒரு கைப்பிடி நறுக்கினாள்.

"வாசனை தூக்குதுப்பா."

சர்வேயர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். அவள் நிமிர்ந்து இடப்பக்கம் போய் அங்கும் குனிந்தாள்.

"ஏம்மா, இது போதாதா?"

"இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்திப்பா."

அவள் படியிறங்கும்போது தட்டில் இரண்டு குவியல்கள். எது பெரியது என்று சர்வேயர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். எதிர்ப்பக்கம் பஸ் டிரைவரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.