துண்டுக்கடியில் வலதுகை

1
இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. “டாக்டரையே மடக்கிட்டேம்லா!” என்று திரவியம் சொல்லித் திரிந்தது என் காதுக்கும் வந்தது. (‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு...’ என்று தொடங்கிப் பார்த்தேன். மழை வேண்டாம்.)

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மிளகுத் தரகர் திரவியம். விலையை வாயால் சொல்லமாட்டார். துண்டுக்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேரம். 1997இல் பக்கவாதம் வந்து போனபின் வலதுகை அசைந்தது, தொட்டால் தெரியவில்லை.

“இடங்கைய நீட்டினா எவன் பேரம் பேசுவான்?” என்பார். திங்கட்கிழமை கடைக்குப் போயாக வேண்டும்.

2
டாக்டர் ஸ்ரீகண்டன் கண்ணை மூடச் சொன்னார்.

“கண்ண மூடினா தலை சுத்துது சாரே.”

சரியென்று டாக்டர் அந்தக் கையைத் துண்டால் மூடி, உள்ளே விரல்களைப் பிடித்தார்.

“எத்தற விரலு, அண்ணாச்சி?”

“நாலு...” டாக்டரின் புருவம் ஏறியது. “...ன்னு சொல்லுவேன்னு பாத்தீங்களா? மூணு!”

டாக்டர் மாற்றி மாற்றிப் பிடித்ததற்கெல்லாம் சரியாகவே சொன்னார். விரலை மட்டும் நம்பிப் பிழைத்த தரகர் உண்டா? எதிராளியின் முகமும் வேண்டும்.

3
மனைவி ஆவுடைத்தாய்க்குப் பொறுக்கவில்லை. “சாரே, தோசைக்கல்லு பட்டுக் கொப்புளிச்சதுகூட இவுகளுக்குத் தெரியல்ல. மிஷின்ல பாருங்க.”

“ஏட்டி, வீட்டுச் சங்கதிய இங்கயா அவுப்ப?”

தலையில் வயர் ஒட்டி, மணிக்கட்டில் மின்சாரத்தை மெல்லச் சுண்டினார்கள். திரவியம் மிஷினை உற்றுப் பார்த்தார். அதற்குப் புருவம் இல்லை.

இடதுகைக்குத் திரையில் உயரமான அலை. வலதுகைக்குச் சின்ன மேடு.

“கையிலேந்து சேதி மூளைக்குப் போகுது அண்ணாச்சி, கொஞ்சமா. உங்களுக்குத்தான் அறியல்ல. பழக்கினா தெளியலாம். தெளியும்னு உறப்பு சொல்லமாட்டேன்.”

(இங்கே அவரை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன், அவர் அழுகிற ஆளில்லை.)

“கேட்டியாட்டி, சேதி போகுதாம்!” என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

4
முடிவு. திங்களன்று ஐந்தை நாலென்று பிடித்து மானம்போய்... வேண்டாம். சட்டென்று உணர்ச்சி திரும்பி... பொய்.

மிச்சத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆவுடைத்தாய்தான் சொன்னாள், அவரைவிடப் பெருமையாக.

ஞாயிறு சாயங்காலம் அவள் துண்டை எடுத்து அவர் கையில் போடவில்லை, முகத்தில் போட்டாள். வலதுகை விரல்களைப் பிடித்தாள்.

“இப்பச் சொல்லுங்க பாப்பம். தெரியல்லன்னா தெரியல்லன்னு சொல்லணும்.”

வாய்க்கு வந்த எண்ணை எறிந்திருக்கலாம். வாய்ச்சவடால்காரர்தானே? எறியவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

“பொறு. பேசாத. என்னமோ இருக்கு...” என்றது துண்டு.

பிறகு ஓர் எண்ணைச் சொன்னார்.

அவள் பிடித்தது எத்தனை விரல் என்பது எனக்குத் தெரியும். சொல்வதாயில்லை. என் முகம்தான் உங்களுக்குத் தெரியாதே. அவர் என்ன சொல்லியிருப்பார், நீங்கள் சொல்லுங்கள்.