பன்னீர் ரோஜாவும் இப்ராஹிம் நானாவின் கிடாயும்

மலையடிவாரத்து ஊரான ஆயர் ஈத்தாமில் நல்லமுத்துவின் பலகை வீட்டுக்குப் பின்னால் நின்ற பன்னீர் ரோஜாச் செடி மூன்று வருஷத்தில் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. பூத்தது என்னவோ மொத்தமே ஏழு பூ. நல்லமுத்து டிராம் கண்டக்டர். மலை பங்களா ஒன்றில் தோட்டவேலை பார்ப்பவர் தினமும் அவர் வண்டியில் ஏறி இறங்குவார். அந்தப் பழக்கத்தில் ஈரத்துணி சுற்றிக் கொடுத்த ஒரு சாண் குச்சிதான் அது. கொடுக்கும்போதே அந்தத் தோட்டக்காரர் சொன்னார்: "வருஷத்துக்கு ரெண்டு தடவை நல்லா வெட்டி விட்டுருங்கண்ணே. இல்லாட்டி இந்த ஊரு மழைக்கு இலைதான் வரும்."

வெட்ட நல்லமுத்துவுக்கு மனசு வரவில்லை. எந்தக் கிளை எந்த மாதம் விட்டது என்பதுகூட அவருக்கு மனப்பாடம். கத்தியும் கையுமாகப் பின்பக்கம் போவார். சும்மா திரும்பி வந்து, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று மனைவி குணவதியிடம் சொல்வார். அடுத்த மாதமும் அதே கதைதான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பக்கத்து வீட்டு இப்ராஹிம், குர்பானி கொடுக்க ஒரு கிடாய் வாங்கி வந்து கட்டினார். டவுனில் சூலியா தெருவில் சூப்புக் கடை வைத்திருப்பவர். நல்லமுத்துவைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அவருக்கு அண்ணன் முறையில் 'நானா'. விடியும் முன்பே கடைக்குப் போய்விடுவார்.

ஒருநாள் மத்தியானம் நல்லமுத்து வேலை முடிந்து வந்து பின்கதவைத் திறந்தபோது, கிடாய் ரோஜாப் பாத்தியில் நின்று நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. கழுத்தில் அறுந்த கயிறு தொங்கியது. தின்றது பாதி, மிதித்து முறித்தது பாதி. முழங்கால் உயரத்துக்கு ஐந்தாறு மொட்டைக் குச்சிகள்தான் மிச்சம். அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சேதி கேட்டு, சாயங்காலம் இப்ராஹிம் கடையிலிருந்து நேராக அங்கேயே வந்தார். "கயிறு இத்துப் போயிருக்கு தம்பி. நான் பாக்காம விட்டுட்டேன். என் மேலதான் தப்பு."

"உங்களுக்கு அது ஆட்டுத் தீனி நானா. எனக்கு அது மூணு வருஷம். இனிமே இந்த வேலிப் பக்கமே வராதீங்க."

இப்ராஹிம் தலையைக் குனிந்தபடி போய்விட்டார். அவர் மனைவி சலேஹா தன் வீட்டுக் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை நல்லமுத்துவின் வாசலில் ஒரு கூடை காய்ந்த ஆட்டுப் புழுக்கை இருந்தது. அடுத்த வெள்ளியும் இருந்தது. நல்லமுத்து அதைத் தாண்டிப் போனார். குணவதிதான் எடுத்துப் போய்க் குச்சிகளைச் சுற்றிக் கொத்திப் போட்டாள். "அவங்க மேல கோவம்னா இருந்துக்கங்க. செடி யாரு மேல கோவப்பட்டுச்சு?"

பெருநாளன்று சலேஹா வழக்கம்போல் வாழையிலையில் சுற்றிய கறியை வேலிக்கு மேலே நீட்டினாள். குணவதி மிளகு தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்தாள். நல்லமுத்து இரண்டாம் தடவை சோறு வாங்கும்போதுதான், "இது எந்த ஆட்டுக் கறி?" என்றார்.

"ரெண்டு ஆடா வெச்சிருந்தாங்க?"

கை சோற்றிலேயே நின்றது. தன் ரோஜாவைத் தின்ற கிடாயைத் தான் தின்றுகொண்டிருக்கிறோம். செடி போன நாளுக்குப் பிறகு அன்றுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. மிச்சத்தையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். ஆனாலும் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை.

அதற்குள் குச்சிகளில் செம்பு நிறத்தில் தளிர் கிளம்பியிருந்தது. கிளம்பிய ஒவ்வொரு தளிரும் நுனியில் மொட்டோடு நீண்டது. ஆனி பிறந்த சமயம், ஒரு காலையில் அவர் பின்கதவைத் திறந்தால், இடுப்பு உயரச் செடி முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கிறது. வாசனை வீட்டுக்குள் வந்தது. தோட்டக்காரர் சொன்னது இப்போதுதான் அவருக்கு விளங்கியது. மூன்று வருஷமாகத் தன்னால் முடியாததை அந்தக் கிடாய் ஒரு மத்தியானத்தில் செய்துவிட்டுப் போயிருக்கிறது.

"குணவதி, கிடாய்தான் பெருநாளோட போயிருச்சே. கூடை மட்டும் எப்படி வந்துக்கிட்டே இருக்கு?"

"டவுன்ல ஆட்டுக் கொட்டில்ல அள்ளிக்கிட்டு வராரு. டிராம்ல ஏத்துனா நாத்தம்னு உங்களுக்குப் பேச்சு வரும்னு, மாட்டுவண்டிக்காரரைக் கெஞ்சி வெள்ளிக்கு வெள்ளி ஏத்திவிடறாராம். சலேஹா அக்கா சொன்னாங்க."

நல்லமுத்து கத்தியை எடுத்தார். இந்த முறை கை தயங்கவில்லை. காம்பு நீளமாகப் பத்துப் பன்னிரண்டு பூக்களை வெட்டி, வாழையிலையில் வைத்து, இப்ராஹிம் வீட்டு வாசலுக்குப் போனார். அன்று கடைக்கு லீவு. இப்ராஹிம் உள்ளே கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"நானா, அன்னைக்கு நான் பேசுனது தப்பு. இந்தச் செடி பூத்ததே உங்களாலதான்."

இப்ராஹிம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பூக்களையே பார்த்தார். "பூத்திருச்சா?"

"காலையிலேருந்து வாசம் வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு தம்பி" என்றாள் சலேஹா. "வேலிப் பக்கம் வரக் கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னு எட்டிக்கூடப் பாக்கல."

இப்படி ஒரு மனுஷன் பக்கத்து வீட்டில் இருக்க, தான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நல்லமுத்துவுக்குத் தோன்றியது. "வாங்க நானா, வந்து பாருங்க" என்று அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

இப்ராஹிம் செடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பூவைத் தொடவில்லை. குனிந்து வேரடி மண்ணை எடுத்து விரலால் பொடித்துப் பார்த்தார்.

"இன்னும் ஒரு கூடை போடலாம்லா, தம்பி."

"போடுவோம் நானா. இந்தத் தடவை என் வண்டியிலயே ஏத்திக்கிட்டு வாங்க. யாரு மூக்கைப் பொத்துனாலும் நான் பாத்துக்கறேன்."