மேல்வீட்டுத் தண்ணீர்

மூன்றாவது முறையாகக் கொத்தனார் மாதப்பன் சுண்ணாம்பு வாளியோடு வாசலில் வந்து நின்றதும் சுக்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூக்கண்டப்பள்ளியில் அந்தக் கீழ்வீட்டுக்கு அவளும் கணவன் ஜமீரும் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. படுக்கையறைச் சுவர் மேலிருந்து இடுப்பளவு வரை ஊறி, காரை பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது. அலமாரியில் இருந்த ஜமீரின் காக்கி யூனிஃபார்மில் பூசணம் பூத்து, ஃபேக்டரியில் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அவனை ஏசியிருந்தார்.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரி லட்சுமியம்மாளும் பின்னாலேயே இறங்கி வந்தாள்.

"ஒரு கோட்டு அடிச்சுட்டா பளிச்சுனு ஆயிடும்."

"அடிச்சா எங்கீங்க்கா நிக்குது? உங்க பாத்ரூம் பைப்புதான் ஒழுவுது. நீங்க குளிக்கறப்பதான் செவுரு ஊறுது."

"ஈரத் துணிய உள்ளயே காயப்போட்டா ஊறாம என்ன செய்யும்? வீடு வச்சுக்கத் தெரியணும்மா."

தினமும் அந்தச் சுவரைத் துடைத்தே கை மரத்துப்போனவளிடம் சொல்கிற பேச்சா இது! சுக்ரா மாதப்பனின் கரண்டியைப் பிடுங்கிச் சுவரைச் சுரண்டினாள். காரை பெயர்ந்து விழ, செங்கல் இடுக்கில் தண்ணீர் வழிந்தது.

"ஐயோ, என் செவுரு!" என்று கத்திக்கொண்டே லட்சுமியம்மாள் மாடியேறிவிட்டாள்.

மறுநாள் காலையில் சுக்ரா குடங்களை நிரப்பி வைத்துவிட்டு, வெளிப்படி வழியாக மொட்டை மாடிக்குப் போய் டேங்க் வால்வை இறுக்கி மூடினாள். சற்று நேரத்தில் தலை நிறையச் சீயக்காயோடு லட்சுமியம்மாள் ஓடி வந்தாள்.

"எவ மூடுனது?"

"நான்தான். வந்து பாருங்க, செவுத்துல வழியறது நின்னுபோச்சு. பைப்ப மாத்துங்க, தொறக்கறேன்."

"வீட்டக் காலி பண்ணுடீ!"

"மரியாதையாப் பேசுங்க. மொதல்ல பைப்பு. மத்ததப் பின்னால பேசலாம்."

கண்ணில் சீயக்காய் எரிய எவ்வளவு நேரம்தான் சண்டை போட முடியும்? அன்றைக்கே ஆள் வந்து குளியலறைத் தரையை உடைத்தான். துருப்பிடித்து ஓட்டை விழுந்த குழாய் வெளியே வந்தது. மாதப்பன் பழைய காரையை முழுக்கக் கொத்தி எடுத்து, செங்கல்லை நன்றாகக் காயவிட்டு, சிமெண்ட் பூசி வெள்ளையடித்தான்.

லட்சுமியம்மாள் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அதைக்கூடச் சுக்ரா பொறுத்துக்கொண்டாள். ஆனால் ரேஷன் கடை வரிசையில், "குடித்தனக்காரங்க கஷ்டப்படக் கூடாதுன்னு நானே ஆள் வச்சுப் பைப்ப மாத்துனேன்" என்று அவள் பெருமையடிப்பதைக் கேட்டதும் சுக்ராவுக்கு ஆத்திரம் பொங்கியது. வரிசையை விட்டு விலகி நின்று, நடந்ததை முதலிலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். லட்சுமியம்மாள் பைக்குள் எதையோ தேடிக்கொண்டே இருந்தாள்.