லேத்துக்காரர் வீட்டுத் தண்ணீர்

மகளின் இதயம் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது என்று டாக்டர் சொன்ன அன்று மாலை, லேத்துக்காரர் வீட்டுக்குள் மட்டும் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அது நல்ல கோடை. தெருவில் புழுதி பறந்துகொண்டிருந்தது. தண்ணீர் சமையலறைத் தரையிலிருந்து கிளம்பி, வாசற்படி வரை வந்து, அங்கே கண்ணாடிச் சுவர் போல நின்றுகொண்டது. வெளியே ஒரு சொட்டு விழவில்லை. பிளம்பர் விரலை விட்டு நக்கிப் பார்த்து, இது எந்தக் குழாய்த் தண்ணீரும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கூலி வாங்காமல் போனார். மோட்டார் வைத்து நாள் முழுக்க இறைத்தும் மட்டம் இறங்கவில்லை. எதிர்வீட்டார் இந்த வீட்டைப் பார்த்த ஜன்னல்களை ஆணி அடித்து மூடினார்கள்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது மகளைத் தூக்கிக்கொண்டு மனைவியின் தம்பி வீட்டுக்குப் போனார்கள். விடிவதற்குள் அங்கேயும் தரை நனைந்துவிட்டது. தம்பி முகத்தைப் பார்க்காமல், "அக்கா, எங்க வீட்லயும் சின்னப் புள்ளைங்க இருக்கு," என்றான். "தெரியும்டா, கெளம்பறோம்," என்று அவள் சொன்னாள். அவர்கள் படியிறங்கியதும் அந்தத் தரை உலர்ந்தது.

திரும்பி வந்து, மேஜைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் மகளைக் கிடத்தினார்கள். இடுப்பளவு கறுத்த தண்ணீரில் நின்றபடி மனைவி தினமும் வேதாகமத்தில் ஒரே இடத்தைச் சத்தமாக வாசித்தாள். தண்ணீரைக் கடக்கிறவனோடு கூடவே இருப்பேன் என்று கடவுள் வாக்குக் கொடுத்த இடம் அது. லேத்துக்காரருக்கு அதைக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"கூட இருப்பேன்னுதான் சொல்லியிருக்காரு. வத்த வைப்பேன்னு எங்கயாவது சொல்லியிருக்காரா?"

"இல்ல."

"அப்புறம் என்னத்துக்குப் படிக்கிற?"

"சொன்னதத்தானே நம்ப முடியும். சொல்லாதத எப்படிங்க நம்பறது?"

அவர் கோபித்துக்கொண்டு பட்டறையிலேயே தங்கிவிட்டார். தலைக்கு மேலே போனால் சாண் என்ன, முழம் என்ன என்று கூட வேலை செய்தவர்களிடம் சிரித்துப் பேசினார். ஆனால் கடைசல் எந்திரத்தில் கை வைத்த இரும்பெல்லாம் கோணலாக வந்தது. முதல் மழை விழுந்த அன்று, அவர் வீட்டில் தண்ணீர் கூரையைத் தொட்டுவிட்டதாகப் பால்காரர் வந்து சொன்னார். அவர் செருப்பில்லாமல் ஓடினார்.

தெரு முழுக்கக் குடை பிடித்து நின்றது. மகளையாவது வெளியே இழுத்துவிட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குள் பாய்ந்தார். உள்ளே அவர் கை அவருக்கே தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவிப் போனார், மேஜை அகப்படவில்லை, மூச்சு தீர்ந்தது. இனி அவ்வளவுதான் என்று வாய் திறந்தபோது ஒரு கை அவர் தாடையைத் தாங்கிப் பிடித்தது. அகலமான, வெதுவெதுப்பான கை. மனைவிதான் என்று நினைத்து அதைப் பற்றிக்கொண்டார். நெஞ்சுக்குள் தண்ணீர் புகுந்தது, ஆனால் அது காற்றைப் போலப் போய் வந்தது. கண் பழகியதும் பார்த்தார். மனைவி அறையின் அந்தப் பக்கத்தில் மகளின் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். தாடையில் இருந்த கை இன்னும் எடுக்கப்படவில்லை. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. "அப்பா வந்துட்டாரு," என்றாள் மகள்.

அந்த மழைக்காலமும் அதற்குப் பின் சில மழைக்காலங்களும் போய்விட்டன. மகளின் இதயம் சரியாகவில்லை, நிற்கவும் இல்லை. தண்ணீரும் வற்றவில்லை. புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு, எந்தக் கடையில் அரிசி நன்றாக இருக்கும் என்று சொல்கிற அதே குரலில் தெருக்காரர்கள் அந்த வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறார்கள். யாராவது நலம் விசாரிக்க வந்து வாசலில் தயங்கினால் லேத்துக்காரர் உள்ளேயிருந்து கை நீட்டுகிறார்.

"வாங்க. தலை முங்கும், பயமாத்தான் இருக்கும். ஆனா மூச்சு வரும்."