முன் மட்கார்டில் ஒரு ஒடுக்கு

அந்தப் பழைய காரின் ஒவ்வொரு ஒடுக்குக்குள்ளும், அது விழுந்த நேரத்துச் சத்தம் அப்படியே இருந்தது. தட்டி நேராக்கினால் ஒரே ஒரு தடவை வெளியே வரும். அப்புறம் வெறும் தகடுதான். ஒடுக்கெடுக்கும் டிங்கருக்கு இது புதிதில்லை. அவர் பட்டி பூசி ஒடுக்கை மூடுகிற ஆள் இல்லை. வெளிப்பக்கம் மணல்பையை அண்டக் கொடுத்து, உள்ளேயிருந்து மரச்சுத்தியால் தட்டித் தட்டியே எடுப்பவர். மற்றப் பட்டறைகளில் பட்டிக்கு அடியில் எத்தனை பேர் வாய்மூடிக் கிடக்கிறார்களோ, யார் கண்டது!

காரைக் கொண்டுவந்தவன் பெரியவன். அப்பா வாங்கிய வண்டி. தம்பி செத்த வண்டி. தம்பிதான் ஓட்டினான் என்று அம்மா உட்பட எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியது பெரியவன். "கண்ணை மூடறதுக்குள்ள ஒருதரம் அதுல போகணும்டா" என்று அம்மா சொன்னதற்காகத்தான் ஷெட்டிலிருந்து வெளியே எடுத்தான். நல்ல கைவேலைக்காரர் என்று யாரோ சொல்ல, இவரிடமே கொண்டுவந்து விட்டான், பாவி! சத்தத்தைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் பின்கதவைத் தட்டினார். வீட்டு கேட்டில் உரசிய சத்தமும், "ஒழுங்காத் திறன்னா கேக்கறியா நீ?" என்று செத்துப்போன அப்பாவின் அதட்டலும் வந்தன. வேலையைப் பார்க்க வந்திருந்த அம்மா, "இதோ வந்துட்டேங்க" என்று எழுந்தேவிட்டாள். மறுநாளிலிருந்து பட்டறை திறக்கும் முன்பே வந்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். காரின் கூரை ஒடுக்கிலிருந்து, அன்றைக்குப் பந்து விழுந்த சத்தமும் இரண்டு பையன்களின் சிரிப்பும் வந்தபோது, அழுதுகொண்டே தானும் சிரித்தாள். மிச்சம் இருந்தது முன் மட்கார்டு. "அதுல சின்னவன் இருப்பான். கடைசியா என்ன சொன்னான்னு கேட்டுட்டாப் போதும் எனக்கு" என்றாள்.

பெரியவனுக்குத் தூக்கம் போயிற்று. டிங்கரை ஓரமாக அழைத்து, "அதுக்கு மட்டும் பட்டி போட்டு மூடிருங்களேன்" என்று கெஞ்சினான். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "போடறேன் சார். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க." அம்மாவோ மட்கார்டில் காதை வைத்து, அதைத் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தவன் டிங்கர் பக்கம் திரும்பினான். "தட்டுங்க" என்றான்.

கண்ணாடி நொறுங்கியது. யாரோ தேம்பினார்கள். பிறகு சின்னவன் குரல்: "அண்ணே, அழாத. நான்தான் ஓட்டுனேன்னு அம்மாகிட்ட சொல்லிடு."

அம்மா மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. டிங்கர் கையிலிருந்து சுத்தியலை வாங்கினாள். நேராக்கிய அதே இடத்தில் ஓங்கி ஒரே அடி. குழி விழுந்தது. அதில் வாயை ஒட்டிவைத்து ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற பெரியவனுக்குக்கூடக் கேட்கவில்லை. அப்புறம் காரில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டு" என்றாள்.

அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. கடைசிவரை அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. மன்னித்தாளா, சபித்தாளா, இல்லை சின்னவனுக்குத்தான் பதில் சொன்னாளா, எல்லாம் அந்தக் குழிக்குள் இருக்கிறது. பாலிஷ் போடக் கொண்டுவரும்போதெல்லாம் டிங்கர், "எடுத்துரவா சார்?" என்று கேட்பார். பெரியவன் அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். "இருக்கட்டும்" என்பான். அவரும் சுற்றிலும் துடைத்து அனுப்பிவிடுவார்.