மூன்றாவது அடி

தீயணைப்பு நிலையத்தில் அவளுக்குச் சின்னக்கா என்று பெயர். கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்கிறவள் அவளைவிட ஆறு வயது மூத்தவள் என்பதால் அவள் பெரியக்கா. வேறு பெண்கள் அங்கே இல்லை. ஊர் சிறியது. தீயை அணைப்பதும் அடிபட்டவர்களுக்கு முதலுதவி செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் ஒரே ஆட்களின் தலையில்தான் விடிந்தது. காலையில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவரை மீட்டுவிட்டு, மதியம் ஆட்டோவுக்குள் பிரசவம் பார்த்த நாட்களும் உண்டு. பன்னிரண்டு வருஷத்தில் சின்னக்கா பார்க்காத ரத்தம் இல்லை.

அவளோடு ஒரே ஷிஃப்டில் ஓடுகிறவன் குண்டு. வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த உடம்புக்கு வைத்த பெயர். உடம்பு போய்விட்டது, பெயர் போகவில்லை. வண்டி ஓட்டுகிறவரை எல்லோரும் சித்தப்பா என்பார்கள். ஓய்வு பெற அவருக்கு இரண்டு வருஷம் பாக்கி.

அன்று செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. குண்டு சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் பெரியக்காவின் குரல் வந்தது.

"பஸ் டிப்போவுக்குப் பின்னாடி, மூணு மாடி வீடு. ரெண்டாவது மாடியில தீ. உள்ள ரெண்டு பொம்பளைங்க மாட்டியிருக்காங்க. புருஷன்காரனே கொளுத்தினான்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார். போலீசுக்கும் சொல்லிட்டேன், பார்த்துப் போங்க."

நான்கு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ஜன்னல் வழியாகக் கறுப்புப் புகை சுருண்டு சுருண்டு வெளியேறிக்கொண்டிருந்தது. கீழே நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். போலீஸ் இன்னும் வரவில்லை. நிலைய அதிகாரி கூட்டத்தை விலக்கப் போனார். சித்தப்பா பம்பை இயக்கப் போனார். தண்ணீர் ஏறாத குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு குண்டு படியேற, கதவை நெம்பும் கடப்பாரையோடு சின்னக்கா பின்னால் ஏறினாள்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஏற முடியாத அளவுக்குப் படி குறுகல். இரண்டாவது திருப்பத்தில் அந்தப் புருஷன்காரன் நின்றிருந்தான். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப்பையில் பேனா. முழங்கை வரை ரத்தம். கையில் இருந்தது எலும்பு வெட்டுகிற கத்தி.

"இது எங்க வீட்டு விஷயம். கீழ இறங்குங்க" என்றான். குரலில் பதற்றமே இல்லை.

"சார், தீயை மட்டும் அணைச்சிட்டுப் போயிடறோம். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்று குண்டு ஒரு படி ஏறினான்.

பேசி வாய் மூடவில்லை. அவன் மேலிருந்து பாய்ந்து, கத்தியைக் குண்டுவின் தொடையில் அடிவரை இறக்கி உருவினான். ரத்தம் சுவரில் பீய்ச்சி அடித்தது. குண்டு குழாயோடு சேர்ந்து உருண்டு, சின்னக்காவின் காலில் மோதி, கீழ்த்திருப்பத்தில் போய் விழுந்தான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்ததால் அவள் மட்டும் விழவில்லை.

அடுத்த வீச்சு அவளுக்கு. இடது கையைக் குறுக்கே போட்டாள். தடித்த கோட்டைக் கிழித்துக்கொண்டு கத்தி சதையில் இறங்கியது. வலி அப்போது தெரியவில்லை. கடப்பாரையைப் பக்கவாட்டில் வீசினாள். அவன் மணிக்கட்டு ஒடிகிற சத்தம் கேட்டது. கத்தி படிகளில் தட்டித் தட்டிக் கீழே போயிற்று. அவன் விடவில்லை. மற்றக் கையால் அவள் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்து, தலையைச் சுவரில் மோதினான். இரண்டாவது அடியை முழங்காலில் போட்டாள். கால் போகக்கூடாத பக்கம் மடங்கியது. அவன் சுவரில் சரிந்து உட்கார்ந்தான்.

அத்தோடு அவன் கதை முடிந்துவிட்டது. கத்தியும் இல்லை, எழுந்திருக்கக் காலும் இல்லை. தாண்டிப் போயிருக்கலாம்.

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்து ஏதோ சொன்னான். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

சின்னக்கா கடப்பாரையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி அவன் முகத்தில் அடித்தாள். பற்கள் சிதறின. கீழ்த்திருப்பத்தில் குண்டுவைத் தூக்க ஓடிவந்த சித்தப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் அவனைத் தாண்டினாள். முகமூடியை மாட்டிக்கொண்டு தரையோடு தரையாக ஊர்ந்து உள்ளே போனாள். கூடம் முழுக்கத் தீ. சோபா உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. பின்னால் நிலைய அதிகாரி தண்ணீரோடு வந்துவிட்டார் என்பது நீராவி முதுகில் அடித்ததில் தெரிந்தது. குளியலறைக் கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. கையுறையைத் தாண்டித் தாழ்ப்பாள் சுட்டது. தாழை நீக்கியும் கதவு நகரவில்லை. உள்ளே ஏதோ தடுத்தது.

தோளால் தள்ளித் திறந்தாள். தடுத்தது வயதான ஒரு பெண்ணின் உடம்பு. வயிற்றில் கத்திக்குத்து. குத்துப்பட்ட பிறகும் நனைத்த துண்டைக் கதவிடுக்கில் திணித்து, அதன்மேல் முதுகை அணை கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். மூலையில் இன்னொருத்தி, முப்பது வயதுக்காரி, பாதம் இரண்டும் வெந்துபோய், விடாமல் இருமிக்கொண்டிருந்தாள். சின்னக்கா இருமுகிறவளைத்தான் முதலில் தூக்கினாள். வாசலில் அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்து மூத்தவளின் கழுத்தைத் தொட்டாள். சூடு இருந்தது. நாடி இல்லை, மூச்சும் இல்லை. அவளையும் சுமந்து இறங்கினாள்.

கீழே, வந்து சேர்ந்திருந்த போலீஸ்காரர்கள் கத்திக்காரனை இழுத்துவந்து வராந்தாவில் மல்லாக்கப் போட்டிருந்தார்கள். அவன் தொண்டையில் ரத்தம் கொழகொழத்தது. நான்கடி தள்ளிக் குண்டு. தொடையில் இறுக்குப் பட்டை கட்டி, அதன்மேல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு சித்தப்பா. முகப்பில் ஒரே ஓர் ஆம்புலன்ஸ். இன்னொன்று நெடுஞ்சாலை விபத்துக்குப் போயிருந்தது. வரப் பதினைந்து நிமிஷம் ஆகும் என்றாள் பெரியக்கா.

மூச்சு நின்றுபோனவரை, உயிரோடு வேறு ஆட்கள் காத்திருக்கும்போது, கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. சின்னக்கா மூத்தவளை மெதுவாகச் சுவரோரம் கிடத்தினாள். பிறகு குண்டுவின் பக்கத்தில் மண்டி போட்டாள். பட்டைக்குக் கீழே கசிவு நின்றிருந்தது.

"பேர் சொல்லு."

"குண்டு" என்றான். உதடு வெளுத்திருந்தது.

"இவனை ஏத்தும்மா" என்றார் சித்தப்பா. "அந்த நாய் கெடக்கட்டும்."

அவள் மற்றவனைப் பார்த்தாள். தாடை இரண்டாக விட்டுப்போய் நாக்கு தொண்டைக்குள் சரிந்திருந்தது. குண்டு கால் மணி நேரம் தாங்குவான். இவன் இரண்டு நிமிஷம் தாங்க மாட்டான். கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கை உண்டாக்கியவளும் அவளேதான்.

"அவனை ஏத்துங்க" என்றாள்.

சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு குண்டுவின் தொடையை இன்னும் அழுத்தினார். குண்டு அவளையே பார்த்தான்.

புகை குடித்த அவன் மனைவிக்கும் ஆக்சிஜன் வேண்டும். அதனால் அவளையும் அதே வண்டியில், பக்கவாட்டு இருக்கையில் உட்கார வைத்தார்கள். கால்மாட்டில் ஒரு போலீஸ்காரர். சின்னக்கா தலைமாட்டில் உட்கார்ந்து, ரத்தத்தை உறிஞ்சி எடுத்து, உடைந்த தாடையை இரண்டு கையாலும் முன்னுக்கு இழுத்துப் பிடித்தாள். பிடித்தால் காற்று போகும், விட்டால் அடைத்துக்கொள்ளும். எலும்பு முனைகள் விரலுக்கடியில் ஒன்றோடொன்று உரசின. அவள் இடது கையிலிருந்து வழிந்த ரத்தம் அவன் காதில் சொட்டியது.

பாதி தூரம் போன பிறகு மனைவி முகமூடியை விலக்கிக் கேட்டாள்.

"அத்தை?"

"பின்னாடி வண்டியில வர்றாங்க" என்றாள் சின்னக்கா.

மனைவி சின்னக்காவின் கைகளைப் பார்த்தாள்.

"நீங்க கையை எடுத்தா என்ன ஆகும்?"

"மூச்சு நின்னுடும்."

"எடுத்துடுங்க."

போலீஸ்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னக்கா கையை எடுக்கவில்லை. ஆனால் எடுத்துவிடலாமா என்று நினைத்தாள். ஒரு தடவை இல்லை, மீதி வழி முழுக்க நினைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வந்து விலக்கியபோது அவள் விரல்கள் மடங்கியபடியே மரத்துப்போயிருந்தன.

அவன் பிழைத்தான். ஒரு கண் போயிற்று, தாடையில் உலோகத் தகடு வைத்தார்கள். குண்டுவும் பிழைத்தான். மூன்று மணி நேரம் அறுவை சிகிச்சை செய்தார்கள். சின்னக்காவின் கையில் பதினாறு தையல்.

மூன்றாம் நாள் நிலைய அதிகாரி அறிக்கையை அவள் முன் நகர்த்தினார். தற்காப்புக்காக இரண்டு முறை தாக்கினார் என்று எழுதியிருந்தது.

"மூணு சார்."

"சித்தப்பா ரெண்டுன்னுதான் சொன்னார்."

கதவோரம் நின்ற சித்தப்பா, "எனக்கு வயசாச்சும்மா. புகை வேற. ரெண்டுதான் தெரிஞ்சுது" என்றார்.

"முகத்துல அடிச்சப்ப அவன் கீழ உக்காந்திருந்தான். கையில ஒண்ணும் இல்ல. அதையும் எழுதுங்க."

அதிகாரி பேனாவை மேசையில் போட்டார். "வேலையே போகும், தெரியுமா?"

"தெரியும் சார்."

இதைக் கேட்ட அவள் கணவன் வீட்டில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டான். "ரெண்டுன்னு சொல்லியிருந்தா வானமா இடிஞ்சு விழுந்திருக்கும்?"

"அடுத்த தடவை கடப்பாரையைத் தூக்கறப்ப எனக்கே என்மேல பயமா இருக்கும்" என்றாள். அவன் அவள் தட்டில் குழம்பை ஊற்றினான்.

வேலை போகவில்லை. பதவியில் ஒரு படி இறக்கினார்கள். ஆறு மாதம் வண்டியில் ஏறக்கூடாது என்று உத்தரவு. பெரியக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தொலைபேசி எடுத்தாள்.

குண்டுவைப் பார்க்கப் போனபோது கதவைத் திறந்த அவன் மனைவி வழி விடவில்லை. "என் புருஷனைத் தரையில போட்டுட்டு அந்தக் கொலைகாரனைத்தானே முதல்ல ஏத்துனீங்க?" என்றாள். உள்ளேயிருந்து குண்டு சத்தம் போட்ட பிறகுதான் வழி கிடைத்தது. கட்டிலில் கால் நீட்டிக் கிடந்தவன் குரலைத் தணித்துக்கொண்டான்.

"நானா இருந்தாலும் அவனைத்தான் ஏத்தியிருப்பேன். ஆனா அதை அவகிட்ட சொல்லிடாதீங்க. எனக்கு ராத்திரி சாப்பாடு கிடைக்காது."

அவள் சிரிக்கப் போனாள், அழுகை வந்துவிட்டது. அவள் அழுது முடிக்கும்வரை குண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வழக்கு எட்டு மாதம் கழித்து வந்தது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த அறிக்கை அல்வா மாதிரி.

"மூன்றாவது அடி தற்காப்புக்கா?"

"இல்லை."

"பிறகு எதற்கு?"

"கோபத்துல அடிச்சேன்."

கூண்டில் முகம் ஒரு பக்கம் உள்வாங்கிப்போய், ஒற்றைக் கண்ணோடு அவன் அவளையே பார்த்தான். அவளும் பார்வையை விலக்கவில்லை. வக்கீல் அரை மணி நேரம் அந்தக் கோபத்தைப் பிழிந்து பார்த்தார். ஆனாலும் பெற்ற தாயைக் குத்தித் தீயில் பூட்டியதற்கு அதில் பதில் கிடைக்கவில்லை. ஆயுள் தண்டனை என்று தீர்ப்பாயிற்று.

வெளியே நடைபாதை பெஞ்சில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். பாதம் ஆறியிருந்தாலும் நடப்பது இன்னும் விந்தி விந்தித்தான். சின்னக்கா தயங்கி நின்றாள்.

"அத்தை பின்னாடி வர்றாங்கன்னு சொன்னீங்க" என்றாள் மனைவி.

"பொய்தான் சொன்னேன். அப்பவே அவங்க போயிட்டாங்க."

"என்னை ஏன் முதல்ல தூக்குனீங்க?"

"நீங்க இருமிட்டு இருந்தீங்க."

மனைவி தலையாட்டினாள். பிறகு கேட்டாள். "படியில உக்காந்து உங்ககிட்ட ஏதோ சொன்னான்ல? அண்ணாந்து பேசினான், அப்புறம்தான் நீங்க அடிச்சீங்கன்னு உங்க தீயணைப்பு வண்டி ஓட்டறவர் என்கிட்ட சொன்னார். கோர்ட்ல ஏன் அதைச் சொல்லல?"

"சொன்னா எனக்குச் சாக்கு மாதிரி ஆயிடும். நீங்களும் எதிர்ல இருந்தீங்க."

"இப்பச் சொல்லுங்க."

சின்னக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "'ரெண்டும் இந்நேரம் வெந்திருக்கும், அள்ளிட்டுப் போ'ன்னான்."

மனைவி தன் கைகளைப் பார்த்தாள். "அன்னிக்குக் காலையில அத்தைதான் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாங்க" என்றாள்.

சின்னக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழவில்லை. வாசலில் ஹாரன் கேட்டது. குண்டு, மச்சானிடம் இரவல் வாங்கிய காரோடு வந்து, ஒரு காலை இழுத்தபடி படியேறி வந்தான்.

"போலாமா? இவங்களை எங்க இறக்கணும்?" என்று கேட்டான்.

மனைவி முகவரி சொன்னாள். பஸ் டிப்போ பக்கம் இல்லை, ஊரின் மறுகோடி, புதிதாக வாடகைக்கு எடுத்த வீடு. பாதத்தை நீட்டி உட்கார வசதியாக அவளை முன்னால் உட்கார வைத்துவிட்டு, சின்னக்கா பின்னால் ஏறிக்கொண்டாள்.