பின்னால் போன தோள்

ஐந்து மாதம் என் வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமலே இருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை என்றால் பாருங்கள்! நானும் நாத்தனாரும் சேர்ந்து நடத்துகிற பார்லரில், ஈரக் கையோடு ஹேர் டிரையரைத் தொட்டேன். கரண்ட் தூக்கி அடித்தது. ஓடி வந்தவர்கள் எல்லோரும் உள்ளங்கைத் தீக்காயத்தையே பார்த்தார்கள். ஆஸ்பத்திரியிலும் அதற்குத்தான் கட்டுப் போட்டார்கள். தோளுக்கு முன்பக்கமாக ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு நல்லா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள்.

காயம் ஆறியது. கை மட்டும் மேலே ஏறவில்லை. தோள் இறுகிவிட்டது, பயிற்சி செய் என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். இடம் மாறிக் கிடக்கிற எலும்பை எத்தனை தரம் ஆட்டினால் என்ன? வலிதான் மிச்சம்.

முடி வெட்டுகிறவளுக்குக் கை ஏறாவிட்டால் என்ன இருக்கிறது? இடது கையால் தரை பெருக்கினேன், துண்டு மடித்தேன். என் நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று நாத்தனார் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

கத்திவிட்டேன். பாவம், அவள் மேல் தப்பில்லை. அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

என் வீட்டுக்காரர்தான் எலும்பு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார். அந்த அம்மா பழைய எக்ஸ்ரேயைத் தொடக்கூட இல்லை.

"முழங்கையை இடுப்போட ஒட்டி வெச்சு, கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்புங்கம்மா."

இடது கை கதவு மாதிரித் திறந்தது. வலது கை அசையவே இல்லை. அவர் முகம் மாறிவிட்டது. பக்கவாட்டிலும் படம் எடுக்கச் சொன்னார், ஸ்கேனும் பார்த்தார். கரண்ட் அடித்த வேகத்தில் தசையெல்லாம் ஒரேயடியாக இழுத்து, மூட்டின் பந்தைக் கிண்ணத்திலிருந்து பின்பக்கமாகத் தள்ளியிருந்தது. கிண்ணத்து விளிம்பில் குத்திக் குத்திப் பந்திலேயே பள்ளம் விழுந்திருந்தது.

"இத்தனை நாள் ஆனப்புறம் சும்மா இழுத்துப் போட முடியாது. திறந்துதான் உள்ள வைக்கணும். தசைநாரை எலும்போட எடுத்து அந்தப் பள்ளத்துல வெச்சுத் திருகாணி போடுவேன். பந்து ரொம்பக் கெட்டிருந்தா செயற்கை மூட்டுதான். உள்ள பார்த்தாதான் தெரியும்."

"செயற்கை மூட்டோட நாள் பூரா முடி வெட்டலாமா?"

"அது எத்தனை நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது நாக்கு மரக்கட்டையாக இருந்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.

"டாக்டர், உள்ள இருக்கறது என்னோடதா, கடையில வாங்கினதா?"

"உங்களோடதேதான். சரியான பிடிவாதக்கார எலும்பு!"

அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன்.

அதன்பிறகு கையை வெளிப்பக்கம் திருப்பியே வைத்திருக்கிற பட்டை. "டிராஃபிக் போலீஸ் வந்தாச்சு, எல்லாரும் ஓரமாப் போங்க" என்று வீட்டுக்காரர் நடமாட விடவில்லை. பட்டை கழன்றதும் பிசியோதெரபி. அங்கே ஒரு பெண், நான் வைத்த பெயர் சிடுமூஞ்சி. கயிறும் கப்பியுமாகக் கையை இழுக்கவைத்தே உயிரை வாங்கினாள். அவளைத் திட்டாத நாளில்லை. ஆனாலும் கை விரற்கடை விரற்கடையாக ஏறிக்கொண்டே இருந்தது.

டாக்டரம்மா சரி சொன்னதும் பார்லருக்குப் போனேன். அன்றைக்கென்று முதலில் வந்து உட்கார்ந்தவளுக்கு அடர்த்தியான சுருட்டை முடி, சீப்பே சிக்கிக்கொள்ளும்.

"முடியலன்னா சொல்லுங்க அண்ணி, நான் எடுத்துக்கறேன்" என்று நாத்தனார் பின்னாலேயே நின்றாள்.

உச்சி முடியைச் சீப்பில் எடுத்துத் தூக்கினேன். கை ஏறியது. ஏறி, அங்கேயே நின்றது! உள்ளே லேசாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான். வெட்டினேன். அடுத்த பகுதியைத் தூக்கினேன், வெட்டினேன். கடைசிச் சுருள் வரை நானே முடித்தேன். வந்தவள் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்?

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

"என்னடி அழற? போய் வேலையைப் பாரு!"

அதட்டினேனே தவிர, என் கண்ணும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. அதைத் துடைக்கக்கூட நிற்காமல், காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பித் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டேன்.

"அடுத்தது யாரு?"